கடல்வழியும் பட்டுப் பாதையும் திரையில்: வடசென்னையிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

பழைய வணிகப் பாதைகளின் கலையையும் பண்பாட்டையும் வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்க விரும்புகிறவர்களுக்காக எழுதியது இது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், வரலாற்றில் சும்மா ஆர்வம் உள்ளவர்களும் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறோம். காசு கட்ட வேண்டிய தளம் எதையும் இதில் சேர்க்கவில்லை.

எங்கிருந்து தொடங்குவது? 'பட்டுப் பாதை' என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டுகிறதே?

பாதையைத் தேடாதீர்கள், பொருளைத் தேடுங்கள். ஒரு பானை ஓடு, ஒரு துணித்துண்டு, ஒரு செப்புத் திருமேனி என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கே செய்தார்கள், எங்கே கிடைத்தது, இப்போது எங்கே இருக்கிறது? முதலிரண்டு விடைகளும் வேறுவேறு ஊராக இருந்தால் அந்தப் பொருள் பயணம் செய்திருக்கிறது. பாதைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தமிழ் வாசகர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது அரிக்கமேடு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊரில் 1945-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துப் பெயரால் வழங்கும் சிவப்புக் கலங்களின் ஓடுகளும், மது, எண்ணெய் வந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மறுபடி தோண்டியது. அரிக்கமேட்டில் தொடங்கினால் ஒரு பக்கம் ரோமும் மறுபக்கம் தென்கிழக்கு ஆசியாவும் தானாகத் திறக்கும். சீனாவின் பாலைவன ஓரத்தில் உள்ள டன்ஹுவாங் குகைகளில் தொடங்கினால் ஒட்டகத்திலேயே நின்றுவிடுவோம்.

எந்த வார்த்தை போட்டுத் தேட வேண்டும்?

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. வெளிநாட்டு அருங்காட்சியகப் பட்டியலில் நம் ஊர்ப் பெயர்கள், பதிவு செய்தவர் காலத்து எழுத்துக்கூட்டலில்தான் இருக்கும். நாகப்பட்டினத்தை ஆங்கிலத்தில் இன்றைய வழக்கிலும் தேடுங்கள், 'நெகபட்டம்' என்றும் தேடுங்கள். பழவேற்காட்டுக்கு 'புலிகாட்', டச்சு ஆவணங்களில் 'பலியகட்டா'. சென்னை என்று போட்டால் பாதிகூட வராது. 'மெட்ராஸ்' போட வேண்டும். கிழக்குக் கடற்கரை முழுவதற்கும் 'கோரமண்டல்'. பல துணிகளுக்கு ஊர்ப் பெயரே இருக்காது, 'கோரமண்டல் கோஸ்ட்' என்று மட்டும் இருக்கும்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் சாயத் துணி தேடுகிறவர்கள் 'சிட்ஸ்' என்ற டச்சுச் சொல்லைப் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'சின்ட்ஸ்' போட்டு வருவதைவிடக் கூடுதலாக வரும். கூகுளில் பொதுவாகத் தேடுவதைவிட அருங்காட்சியகத்தின் சொந்தத் தேடல் பெட்டிதான் எப்போதும் மேல். அதில் 'படம் உள்ளவை மட்டும்' என்ற வடிகட்டியை முதலில் தட்டிவிடுங்கள்.

பொருளின் பக்கம் திறந்துவிட்டது. எதைப் படிப்பது?

தலைப்பைக் கடைசியில் படியுங்கள். முதலில் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இருந்தால் தளம் மாறினாலும் பொருளை மறுபடி கண்டுபிடிக்கலாம். அந்த எண்ணிலேயே செய்தியும் உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தில் 1880,0709 என்று தொடங்கும் எண் என்றால், அந்தப் பொருள் 1880 ஜூலை 9 என்ற தேதியில் பதிவானது. ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபிச் சிற்பங்களின் எண்கள் இப்படித்தான் தொடங்கும். கிடைத்த ஆண்டு அதுவல்ல. மெட்ராஸ் அரசு அதிகாரி வால்டர் எலியட் அமராவதியில் தோண்டியது 1845-இல். கற்கள் மெட்ராஸுக்கு வந்து பல வருடம் கிடந்து, 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறின. பதிவு எண்ணின் ஆண்டைக் கண்டெடுத்த ஆண்டாக எழுதிவிடுவது மாணவர்களின் கட்டுரைகளில் அடிக்கடி வரும் பிழை.

அடுத்து 'கண்டெடுத்த இடம்', 'செய்த இடம்' என்ற இரண்டு வரிகள். இரண்டும் தனித்தனியே இருக்கிறதா என்று பாருங்கள். கண்டெடுத்த இடம் காலியாக இருந்து, 'விலைக்கு வாங்கியது' என்று மட்டும் இருந்தால், அந்தப் பொருளை வைத்து வணிகப் பாதை பற்றி எதுவும் வாதாட முடியாது. அழகை ரசிக்கலாம், அவ்வளவுதான்.

தமிழ் எழுத்துள்ள பொருள்கள் வெளிநாட்டில் இருக்கின்றனவாமே, அவற்றை இணையத்தில் பார்க்க முடியுமா?

பலவற்றைப் பார்க்கலாம். அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய, தமிழ் எழுத்து இல்லாத இரண்டையும் சொல்கிறோம்.

எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-கதீம் என்ற பழைய துறைமுகம். அங்கே கிடைத்த ஒரு பானை ஓட்டில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் எழுதியிருப்பதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். நம் வீடுகளில் தொங்கிய அதே உறிதான். அதற்கு முன்பே அங்கு 'கணன்', 'சாதன்' என்ற பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்திருந்தன. தெற்கே பெரெனிகே துறைமுகத்துக் கோயிலில், இந்தியாவில் செய்த பெரிய தாழி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகு அப்படியே இருந்தது. இரண்டுக்கும் படம் தேடும்போது துறைமுகப் பெயரோடு 'தமிழ் பிராமி' அல்லது 'பெப்பர்' என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் போதும்.

வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் முசிறி பாப்பிரஸ் இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க ஆவணம். ஒரு பக்கம் சேர நாட்டுத் துறைமுகமான முசிறியோடு நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம், மறுபக்கம் 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலின் சரக்கு மதிப்பு. இதை 'மிளகு ஒப்பந்தம்' என்று பகிர்கிறார்கள். எஞ்சிய பகுதியில் தெளிவாகப் பெயர் தெரிவது கங்கைப் பகுதிச் சடாமாஞ்சிலும் யானைத் தந்தமும்தான்; மிளகு அழிந்துபோன பகுதியில் இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கணிப்பைக் கணிப்பாகவே எழுதுங்கள்.

தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் கிடைத்த பொன் உரைகல்லில் 'பெரும்பதன் கல்' என்று இருக்கிறது, கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. கைக்குள் அடங்கும் சின்னக் கல். சவுகார்பேட்டையில் நகை விற்கப் போனவர்களுக்கு உரைகல் எதற்கு என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

சுமத்ராவின் பாருஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088-இல் வைத்த தமிழ்க் கல்வெட்டு, சீனாவின் குவான்சோவில் 1281-ஆம் ஆண்டுச் சிவன் கோயில் கல்வெட்டு, இலங்கையின் காலியில் கிடைத்த 1409-ஆம் ஆண்டு மும்மொழிக் கல்வெட்டு ஆகிய மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது சீனத் தளபதி செங் ஹ வைத்தது; இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரே கல்லில் சீன மொழி புத்தரையும், தமிழ் தேனவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்தையும், பாரசீகம் அல்லாவையும் போற்றுகிறது; காணிக்கைப் பட்டியல் மட்டும் ஏறக்குறைய ஒன்றே. யார் மனமும் கோணாமல் கடை நடத்துவது எப்படி என்று மண்ணடியில் பிறந்தவர்களுக்கு இந்தக் கல் உடனே புரியும்.

குவான்சோ கல்வெட்டோடு நிறுத்தாமல், அதே ஊரின் கைய்யுவான் புத்தர் கோயில் தூண்களையும் விக்கிமீடியா காமன்ஸில் தேடுங்கள். இடிந்த இந்துக் கோயிலின் தூண்களை எடுத்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். நரசிம்மரும் கண்ணனும் தெரிவார்கள்.

டன்ஹுவாங் குகைகளை மொபைலில் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் கணினி நல்லது. 'டிஜிட்டல் டன்ஹுவாங்' தளத்தை டன்ஹுவாங் ஆய்வகம் 2016-இல் 30 குகைகளோடு திறந்தது. டன்ஹுவாங்கின் மொகாவோ குகைத் தொகுதியில் 735 குகைகள் உண்டு, அவற்றில் 492-இல் ஓவியமோ சிற்பமோ இருக்கிறது. தளத்தில் குகை எண்ணைத் தேர்ந்து, முழுச்சுற்றுக் காட்சியைத் திறந்தால் உள்ளே நின்று பார்ப்பதுபோல் திருப்பிப் பார்க்கலாம்.

முதலில் 285-ஆம் குகைக்குப் போங்கள். கி.பி. 538, 539 என்று தேதியே எழுதிய குகை. மேற்குச் சுவரில் பிள்ளையார் இருக்கிறார், முருகனும் சிவனும் திருமாலும் இருக்கிறார்கள், எல்லாரும் புத்தரைச் சுற்றிக் காவலாக. சிறுவர்களிடம் எண்ணைச் சொல்லாமல் 'பிள்ளையாரைக் கண்டுபிடி' என்று விட்டால் அரை மணி நேரம் சத்தமே வராது. பிறகு 45-ஆம் குகையில் வணிகர்களைக் கொள்ளையர் மறிக்கும் காட்சி. வழிப்பயணத்தின் பயத்தை இதைவிட நேராகச் சொன்ன ஓவியம் குறைவு. 323-இல் ஹான் பேரரசின் தூதர் சாங் சியான் மேற்கே புறப்படும் காட்சி. அது ஹான் காலத்து நிகழ்ச்சியை ஏறக்குறைய எட்டு நூற்றாண்டுகள் கழித்துத் தாங் காலத்தில் வரைந்தது, அதனால் உடையையும் குதிரைச் சேணத்தையும் ஹான் காலத்தவை என்று எழுதிவிடாதீர்கள்.

காட்சி திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: மொபைலின் டேட்டா சேமிப்பு முறை இயங்குகிறது, வாட்ஸ்அப் உள்ளேயே சுட்டியைத் திறந்திருக்கிறீர்கள், அல்லது பழைய பிரவுசர். குரோமில் தனியாகத் திறந்து, டேட்டா சேமிப்பை அணைத்து, பக்கத்தை டெஸ்க்டாப் காட்சிக்கு மாற்றுங்கள். வைஃபை இல்லாமல் முழுக் குகையையும் சுற்ற வேண்டாம், அன்றைய டேட்டா போய்விடும்.

17-ஆம் குகையிலிருந்து வெளியேறிய சுவடிகள் வேறு இடத்தில் உள்ளன. 1900-இல் திறந்த அந்த அறையிலிருந்து 1907-இல் பிரிட்டனுக்காக வந்த ஆரல் ஸ்டைனும் 1908-இல் பிரெஞ்சு அறிஞர் பால் பெலியோவும் ஆயிரக்கணக்கில் எடுத்துப்போனார்கள். கி.பி. 868 என்று தேதியிட்ட அச்சு நூலான வச்சிரச் சூத்திரம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சிதறியவற்றை ஒரே இடத்தில் தேட 1994-இல் தொடங்கிய சர்வதேச டன்ஹுவாங் திட்டத்தின் தளம் உதவும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகக் கணினிகள் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு பழைய கட்டுரைகளில் உள்ள சுட்டிகள் பல வேலை செய்வதில்லை. சுவடி எண்ணைப் புதிய தளத்தின் தேடலில் நேராகப் போடுங்கள்.

துணி வணிகம் பற்றி என்ன பார்க்கலாம்? எங்கள் பக்கமெல்லாம் நெசவு, சாயம், சலவை என்றே இருந்த ஊர்தானே?

சரியான இடத்தைப் பிடித்தீர்கள். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் மியூசியத்தில் நியூபெரி தொகுப்பு இருக்கிறது: எகிப்தில், குறிப்பாகப் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத் பக்கம் கிடைத்த, அச்சுக்கட்டையால் அச்சிட்ட இந்தியப் பருத்தித் துணித்துண்டுகள், ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் படமும் விளக்கமும் இணையத்தில் உண்டு. ஆனால் இவை பெரும்பாலும் குஜராத்தில் செய்தவை. 'தமிழ்நாட்டுத் துணி எகிப்தில்' என்று தலைப்புப் போட்டுப் பகிர்வதை நிறுத்தினால் நல்லது.

நம் கரைக்கு வர வேண்டுமானால் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளுக்கு இறங்க வேண்டும். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், நியூயார்க்கின் மெட், ரைக்ஸ்மியூசியம் மூன்றிலும் கோரமண்டல் கலம்காரி, அதாவது எழுதுகோலால் கையால் வரைந்த சாயத் துணி, நிறைய. படத்தை முழுதாகப் பெரிதாக்கிச் சிவப்பு நிறத்தின் ஓரத்தைப் பாருங்கள். படிகாரம் தடவிய இடத்தில் மட்டும் சாயவேரின் சிவப்பு பிடிக்கும். அதனால் எழுதுகோல் போன வழி தெரியும், கை நடுங்கிய இடமும் தெரியும். நீலம் வேறு வகை. நீலச் சாயத்தில் துணியை முக்கும் முன் வேண்டாத இடத்தை மெழுகால் மூடுவார்கள். மெழுகு விரிசல் விட்ட இடத்தில் முடிபோல மெல்லிய நீலக்கோடு கசிந்திருக்கும். அந்தக் கோடுகள் அறவே இல்லையென்றால் நீலத்தைப் பின்னால் கையால் தீட்டியிருக்கலாம்.

சாயத்துக்கு முன்னும் பின்னும் துணியை வெளுக்க நல்ல தண்ணீரும் வெயில் படும் திறந்த வெளியும் வேண்டும். கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூர் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரில் அமைந்த நெசவாளர் குடியிருப்பு. மியூசியப் பக்கத்தில் 'கோரமண்டல் கோஸ்ட்' என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் இப்படிப் பல தெருக்கள் இருக்கின்றன.

வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும் பாதைகளை நம்பலாமா?

அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கோடு போட்டவர் எந்த நூற்றாண்டு என்று சொல்லியிருக்கிறாரா என்பதை மட்டும் பாருங்கள். பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார். கடலில் கோடே கிடையாது, காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்றில் செங்கடலிலிருந்து கிளம்பி வந்தவர்கள், வடகிழக்குக் காற்று வரும்வரை இங்கே காத்திருந்துதான் திரும்ப முடியும். அந்தக் காத்திருப்பில்தான் குடியிருப்பும் கோயிலும் கலப்பும் வந்தன.

ஸ்டான்ஃபோர்டின் 'ஆர்பிஸ்' தளம் ரோமப் பேரரசுக்குள் பயண நாளையும் செலவையும் கணக்கிட்டுக் காட்டும், இந்தியா வரை வராது. 'பிளையடீஸ்' என்ற இடப்பெயர்த் தொகுப்பில் முசிறியும் உண்டு. பழைய ரோமானியச் சாலை வரைபடமான பியூட்டிங்கர் வரைபடத்தின் முழுப்படம் இணையத்தில் கிடைக்கிறது. வலது ஓரத்தில் முசிறியும், பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் என்ற குறிப்பும் இருக்கும். நம் கையில் இருப்பது இடைக்காலப் படி என்பதால் அந்தக் கோயிலை வைத்துப் பெரிய கட்டடம் எழுப்ப வேண்டாம்.

சங்கப் பாடல்களைச் சான்றாகக் காட்டலாமா?

காட்டலாம், பாடல் எண்ணோடு. அகநானூறு 149-இல் யவனர் கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று முசிறியைப் பற்றி வருகிறது. மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் மூலம் இலவசம். அங்கே சரிபார்க்காமல் வாட்ஸ்அப்பில் வந்த வரியைப் பலகையில் எழுதாதீர்கள்.

பள்ளிக் கண்காட்சிக்குப் படம் எடுத்துப் பயன்படுத்தலாமா? பிரிண்ட் போட்டால் மங்கலாக வருகிறதே?

உரிமை முதலில். மெட் மியூசியம் 2017 முதல், பொதுவுடைமை என்று குறித்த படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் தருகிறது. பிரிட்டிஷ் மியூசியப் படங்களை வணிகமற்ற வேலைக்கு, பெயர் குறிப்பிட்டு, அதே நிபந்தனையில் பயன்படுத்தலாம். பள்ளிக்குப் பிரச்சினை இல்லை. நன்கொடைக்கு விற்கும் காலண்டரில் போட்டால் பிரச்சினை.

மங்கலுக்குக் காரணம் அநேகமாகப் பிரிண்டர் இல்லை. மொபைலில் படத்தை அழுத்திப் பிடித்துச் சேமித்தால் வருவது சின்ன முன்னோட்டப் படம். பக்கத்தில் உள்ள பதிவிறக்கக் குறியைத் தொட்டு எடுங்கள். எடுத்த கோப்பை ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்று இணைத்து அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள்.

அளவுக் கணக்கு இது: ஏ4 தாளில் கூர்மையாக வர 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும், அதாவது அங்குலத்துக்கு 300. சுவரில் மாட்டி மூன்றடி தள்ளி நின்று பார்க்கும் ஏ3 என்றால் 150 போதும், 1754-க்கு 2480. ஆறடிக்கு நாலடி ஃபிளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 72 வைத்தால் 5184-க்கு 3456. அந்த அளவு இல்லாத படத்தை ஃபிளெக்ஸில் இழுக்காதீர்கள். சின்னதாகப் போட்டு, பக்கத்தில் வரைபடத்தை வையுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் மியூசியப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கட்டும். கோப்பின் பெயரையும் அப்படியே வைத்தால் கண்காட்சிக்கு முந்தின இரவு தேடி அலைய வேண்டாம்.

பொய்யான படங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதிவு எண் இல்லையா, சந்தேகப்படுங்கள். கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்து, எந்த அருங்காட்சியகப் பக்கத்துக்கும் போகவில்லை என்றால் விடுங்கள். செயற்கை நுண்ணறிவு செய்த படங்களில் தமிழ் பிராமி எழுத்து கூட்டிப் படிக்க வராது. கப்பலின் கயிறு எதிலும் கட்டாமல் காற்றில் முடியும்.

இன்னொரு வகைப் பொய், பொய் சொல்லும் எண்ணமே இல்லாத பழைய செய்தி. உருளைக் கோலமிட்ட சாம்பல் நிறக் கலங்களை வீலர் ரோமிலிருந்து வந்ததாகக் கருதினார். பிற்காலத்தில் களிமண்ணைச் சோதித்து அவை இந்தியாவிலேயே செய்தவை என்று காட்டினார்கள். இன்றும் பல பக்கங்கள் 'ரோமக் கலம்' என்றே சொல்கின்றன. இத்தாலியின் பொம்பெயி நகர இடிபாடுகளில் 1938-இல் கிடைத்த இந்தியத் தந்தச் சிலையும் இப்படித்தான். இணையம் முழுக்க லட்சுமி, ஆனால் யட்சி என்பதே இன்று பல அறிஞர்கள் சாயும் பக்கம். கட்டுரை எழுதிய ஆண்டைப் பாருங்கள்.

ஆங்கிலம் தடுமாறும். மொழிபெயர்ப்புக் கருவி போதுமா?

பொருள் புரியப் போதும், மேற்கோள் காட்டப் போதாது. மட்பாண்டப் பூச்சுக்கான 'ஸ்லிப்' என்ற ஆங்கிலச் சொல்லை 'வழுக்கு' என்றும், சூதுபவளத்தை ஏதோ பூவாகவும் மாற்றி வைக்கும். பொருட்பெயர்களை மட்டும் தனியாகச் சரிபாருங்கள்.

கப்பல்கள்?

சிங்கப்பூர் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தின் பெலிடுங் தொகுப்பு. 1998-இல் இந்தோனேசியக் கடலில் கிடைத்த, சுமார் கி.பி. 830-ஆம் ஆண்டுக் கப்பல். ஏறக்குறைய 60,000 சீனக் கலங்கள். பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த கப்பல் அது. துறைமுகம் கட்டுவதற்கு முன் மெட்ராஸ் அலைகளில் ஆளையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகும் தைத்த படகுதான். 'மசூலா' என்று ஆங்கிலத்தில் தேடினால் பழைய ஓவியங்கள் நிறைய வரும். இரண்டின் தையலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

திரையில் பார்த்ததை நேரில் எங்கே பார்ப்பது?

எழும்பூர் அரசு அருங்காட்சியகம், வெள்ளி விடுமுறை. அமராவதிக் கற்களில் லண்டனுக்குப் போகாதவை பல இங்கே. பிரிட்டிஷ் மியூசியப் படங்களை மொபைலில் வைத்துக்கொண்டு ஒப்பிடலாம். செப்புத் திருமேனிக் கூடத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர்களைத் தவறவிடாதீர்கள். 1856 முதல் அந்த ஊரில் கிடைத்த சுமார் 350 திருமேனிகள் இன்று உலகெங்கும் சிதறியிருக்கின்றன, மெட்டிலும் உண்டு.

ஜார்ஜ் டவுனில் ஆர்மீனியன் தெருத் தேவாலயம், 1772-இல் கட்டியது. பாரசீகத்திலிருந்து வந்த அந்த வணிகச் சமூகம்தான் 1794-இல் உலகின் முதல் ஆர்மீனிய இதழை மெட்ராஸில் அச்சிட்டது. நடக்கும் தூரத்தில் பவழக்காரத் தெரு. மத்திய தரைக்கடல் பவழம் வந்து, இங்கிருந்து வைரம் போனது.

பழவேற்காட்டுக்குக் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டையில் பார்க்க இப்போது அதிகம் இல்லை, கல்லறைத் தோட்டம்தான் நன்றாக இருக்கிறது. போகும் முன் 'அட்லஸ் ஆஃப் மியூச்சுவல் ஹெரிடேஜ்' தளத்தில் கோட்டையின் பழைய வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். அங்கே போனபின் சிக்னலை நம்ப வேண்டாம்.